வௌவால்களுக்கு ஏசி போட்ட கதை

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய மருமகனுக்கு மாமியார் வீட்டில் இருக்கும் மரியாதை, அவன் கொண்டுவந்த சூட்கேஸ் காலியாகும் வரைக்கும்தான். எங்கள் கல்முனைப் பக்கத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தாலே விளங்கிவிடும். நான் வந்த முதல் கிழமை ஏழு நாளும் மீனின் நடுத்துண்டு என் கோப்பையில் விழுந்தது. சவர்க்காரம், சென்ட் போத்தல், ஈச்சம்பழம் எல்லாம் பங்குபோட்டு முடிந்த கிழமை வால்துண்டு வந்தது. அதற்கடுத்த கிழமை, "மீன் இண்டைக்கு அவ்வளவு நல்லமில்ல, மகன்" என்று சொல்லி மாமி பருப்பை ஊற்றினார். (பக்கத்துக் கோப்பையில் என் மகள் நல்ல பாரை மீனைத்தான் தின்றுகொண்டிருந்தாள்.)

எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு பெண்ணுடையது, பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிக் கொடுப்பது. வெளிநாட்டில் இருக்கும்வரை இது ஒரு பொருட்டாகவே தெரியாது. திரும்பி வந்து, கையில் வேலையும் இல்லாமல், பகல் முழுக்கச் சாரனோடு வளவுக்குள் சுற்றும்போதுதான் தெரியும். எங்கே போய் நின்றாலும் அங்கே யாரோ ஒரு பெண் கூட்டிக்கொண்டிருப்பாள். "கொஞ்சம் காலத் தூக்குங்க" என்பதுதான் அந்த நாட்களில் நான் அதிகம் கேட்ட வசனம். மாமா மௌத்தாகி, மண்ணுக்குள் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வளவில் இருந்த ஒரே ஆண் நான். அந்த ஒரே ஆணால் யாருக்கும் ஒரு சதப் பிரயோசனம் இல்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. எப்படியாவது இந்த வீட்டுக்குத் தேவையான ஆளாகிவிட வேண்டும் என்ற ஆசைதான் என்னை வௌவால்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நான் ஓமானில் சாரதியாக இருந்தவன். கடைசி இரண்டு வருடமும் வௌவால்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு வெள்ளைக்கார மெடத்துக்கு ஜீப் ஓட்டினேன். பாலைவனத்தில் வௌவாலா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பகலில் பாறையில் கை வைத்தால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலச் சூடு, குளிர்காலத்து இரவில் இரண்டு ஜாக்கெட் போட்டும் பல்லுக் கிடுகிடுக்கும். அந்த இடத்தில், நாலைந்து ஈச்சங்கொட்டை எடை கூட இல்லாத ஒரு பிராணி பாறை வெடிப்புக்குள் குடும்பம் நடத்துகிறது.

ஒரு நாள் மெடம் அப்படியொரு வௌவாலைத் துணிப்பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஐஸ் பெட்டிக்குள் கிடந்த சூடை மீன் போலச் சில்லிட்டுப் போய் இருந்தது. மூச்சுமில்லை, அசைவுமில்லை. "மெடம், இது மௌத்து" என்றேன். அவர் சிரித்தார். மௌத்தில்லையாம், சிக்கனமாம். சாப்பாடு கிடைக்காத குளிர் நேரத்தில் உடம்புச் சூட்டை விட்டுக்கொடுத்துவிடுமாம். இதயம் அங்கொன்று இங்கொன்று அடிக்குமாம். உடம்பு பாறையின் குளிருக்கே இறங்கி, இருக்கிற கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டு கிடக்குமாம். வெயில் கூடினால் நனைந்த நாக்கால் தன்னை நக்கி, செட்டையால் விசிறிக்கொண்டு இன்னும் ஆழமான வெடிப்புக்குள் போய்விடுமாம். தண்ணீர் கூட முக்கால்வாசி தின்கிற பூச்சிகளிலிருந்தே கிடைத்துவிடுமாம்.

எனக்கு இந்தப் பாடம் நன்றாகப் பிடித்திருந்தது. ஏனென்றால் ஓமானில் நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தேன். மெடம் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். நான் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றப் போனேன். ஊற்றிய கையோடு ஜீப்பின் முன்சீட்டில் சாய்ந்து ஒரு நித்திரையும் போட்டேன். நான் நித்திரை கொண்ட அந்தப் பத்து நிமிடத்தில் மெடம் என்ன சொன்னார் என்பதுதான் இந்தக் கதை.

வீட்டு விசயத்துக்கு வருவோம். என் மனைவி ஃபரீனாவுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், ரிஸ்னா. எனக்கு மச்சி. அவளுக்காக மாமி எங்கள் வீட்டோடு ஒட்டின வளவுத் துண்டில் புது வீடொன்று கட்டி முடித்திருந்தார். ஓட்டுக் கூரை, பலகைச் சீலிங், டைல்ஸ் தரை. எல்லாவற்றுக்கும் மேலாக, மணமக்கள் அறையில் ஏசி. மாமா விட்டுப்போன வயலின் ஒரு பகுதி அந்த வீட்டுக்குள் போயிருந்தது. தையல் மெசினை மிதித்து மிதித்து மாமியின் முழங்காலும் அதற்குள் போயிருந்தது. ஆனால் மாப்பிள்ளை அமைந்து வருவதற்குள் வீடு கொஞ்சக் காலம் சும்மா பூட்டிக் கிடந்தது. அந்த இடைவெளியில் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒரு வௌவால் கூட்டம் வந்து குடியேறிவிட்டது.

சின்ன வௌவால்கள்தான். பூச்சி பிடித்துத் தின்கிறவை. ஆனால் அவற்றின் எச்சம் சின்னதல்ல. முதலில் பேசிவந்த மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தபோது, வெள்ளை நிற மெத்தைச் செட்டியில் போய் இருந்த பெரியம்மா ஒருவர் எழும்பிப் பார்த்தார். அபாயாவின் பின்பக்கத்தில் கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருந்தது. "வவ்வால் குடியிரிக்கிற வீட்டுல எங்கட புள்ளயக் குடிவைக்கிறதா?" என்று வாசலிலேயே ஒரு பேச்சு. அதோடு அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. மாமி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தையல் மெசினுக்கு முன்னால் இருந்துகொண்டு ஊசியில் நூலைக் கோக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை கணித ஆசிரியர். தாய் ஹஜ் செய்தவர், ஊரே அவரை ஹாஜியானி என்றுதான் கூப்பிடும். கறாரான மனிசி, ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால் குசினிப் புகைக்கூடு வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிப்பார் என்று கேள்வி. வருகிற ஞாயிறு, பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

மாமி என் முன்னால் வந்து நின்றார். நான் வந்த காலத்திலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்து ஒரு யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"மகன், இந்த வவ்வாலுகள என்னத்தச் செய்யலாம்? புகை போட்டா வீடெல்லாம் கரியாப் போகும். மருந்தடிச்சா செத்து நாறும். எனக்கெண்டா ஒண்டும் விளங்குதில்ல."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"மாமி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்கப்படா. வவ்வாலெண்டா அது என்ட சப்ஜெக்ட்."

(சப்ஜெக்டாம்! இரண்டு வருடம் டோர்ச் பிடித்தவனுக்குச் சப்ஜெக்ட்.)

பக்கத்தில் நின்ற ரிஸ்னா, "மச்சான், அதுகள் பாவம். அதுகள் வந்த பொறகுதான் பின்பக்கத்து நுளம்பு குறைஞ்சிரிக்கி" என்றாள். அவள் புது வீட்டுப் பின்னறையில் இருந்துதான் பின்னேரங்களில் தையல் வேலை செய்வாள். கொசுக்கடியைக் குறைத்த அந்தக் கூரைக்காரர்களோடு அவளுக்கு ஒரு சிநேகிதம் உண்டாகியிருந்தது. "ஒண்டையும் கொல்லமாட்டன் மச்சி. சயன்ஸ் முறைப்படி செய்யப்போறன்" என்றேன்.

என் திட்டம் இதுதான். பாலைவன வௌவால் குளிரில் உறங்கும். உறங்கிய வௌவால் மாங்காய் மாதிரி, பறித்துக் கூடையில் போடலாம். ஞாயிறு விடிகாலை சுபஹ் தொழுத கையோடு, குளிர்ந்த நேரத்திலேயே சீலிங் ஓட்டைக்குள் ஏறுவது. இரை தேடிவிட்டு வந்து முகட்டு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் கூட்டத்தைத் தலையணை உறைக்குள் தள்ளுவது. பிறகு ஏசி அறைக்குள் அடைத்துக் குளிரில் உறங்க வைப்பது. மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வயல் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவது. பகலில் விட்டால் காகம் கொத்திவிடும் என்று மெடம் சொன்னது நினைவிருந்தது. (பாருங்கள், நினைவிருக்க வேண்டியதெல்லாம் நினைவிருந்தது, ஒன்றைத் தவிர.)

ஏறினேன். ஃபரீனாவின் குசினிக் கையுறையும், ஓமான் ஜாக்கெட்டும், தலையில் தொப்பியும். சீலிங்குக்குள் போய் இருமி, தும்மி, இரண்டு தடவை முகட்டு வளையில் தலையை இடித்து, ஒரு பலகையை உடைத்து அதில் விரலையும் நசுக்கி, எப்படியோ இருபதுக்குக் கிட்டத்தட்ட வௌவால்களை உறைக்குள் சேர்த்துவிட்டேன். கீழே இறங்கும்போது வீட்டில் யாரும் எழும்பியிருக்கவில்லை. நேராக மணமக்கள் அறைக்குள் போய்க் கதவை அடைத்து ஏசியைப் பதினாறில் வைத்தேன்.

அற்புதம்! பத்து மணிக்குள் உறையின் கிறீச் சத்தம் நின்றது. கை விட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சில்லிட்டு, செட்டையை மூடிக்கொண்டு, பாலைவனத்தில் கண்ட அதே கோலம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இப்போது இவற்றை எங்கே வைப்பது? உறைக்குள் குவியலாகக் கிடந்தால் மூச்சு முட்டும். வௌவாலை மல்லாக்கப் போடக்கூடாது, தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், காலை ஒரு துணியில் தொட வைத்தால் நித்திரையிலும் அது தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பதும் மெடம் சொன்னதுதான். அந்த அறையில் துணி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். மேற்குப் பக்க ஜன்னலுக்கு மாமி ஆசையாகப் போட்டிருந்த, தரைவரைக்கும் தொங்கும் மெரூன் நிற வெல்வெட் கர்ட்டன்.

ஒவ்வொன்றாக எடுத்துக் கர்ட்டனின் பின்பக்கத்து மடிப்புகளுக்குள் தொங்கவிட்டேன். வரிசையாக, இடைவெளி விட்டு, ஒரு ஒழுங்கோடு. முன்னால் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. தூரத்தில் நின்றும் பார்த்தேன், பக்கத்தில் நின்றும் பார்த்தேன். மெடம் இதைக் கண்டால் எனக்குச் சான்றிதழே தருவார் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் மாமி ஓடிவந்தார். "என்ன மகன், என்ன மாதிரி?"

"போயிட்டு மாமி. ஒண்டு மிச்சமில்ல."

இந்தப் பொய்தான் என்னை விழுங்கியது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! வாப்பா இருந்தா செய்ற வேலைய நீங்க செய்திட்டீங்க மகன்" என்றார். மாமாவோடு என்னை ஒப்பிட்டுச் சொன்னது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. பகல் சாப்பாட்டில் மீனின் நடுத்துண்டு திரும்பி வந்திருந்தது. ஒன்றல்ல, இரண்டு. அந்த நிலைமையில் போய், "மாமி, உண்மையில அதுகள் கர்ட்டனுக்குள்ள தொங்குதுகள்" என்று எந்த மடையன் சொல்வான்? மஃரிபுக்கு முன்னால் எப்படியும் வயலுக்குக் கொண்டுபோய்விடத்தானே போகிறேன்.

இரண்டாவது துண்டு மீனில் கை வைத்திருந்தேன். மாமியின் போன் அடித்தது.

"என்ன? இப்பவா? ... ஓம் ஓம், வாங்க வாங்க, அதுக்கென்ன" என்று மாமி சொன்ன விதத்திலேயே என் கையிலிருந்த மீன் கோப்பையில் விழுந்தது. போனை வைத்துவிட்டு மாமி தலையில் கை வைத்தார். "அவங்க வார வேனுக்குப் பின்னேரம் வேற ஹயர் ஓட்டமாம். கல்முனைக்கு வந்திட்டாங்களாம். இன்னா வந்திருவாங்க!"

நான் அறைக்கு ஓடப்பார்த்தேன். ஆனால் அதற்குள் வளவு முழுக்கப் பெண்களாகிவிட்டது. ஒருத்தி கூட்டுகிறாள், ஒருத்தி செட்டிக்கு உறை மாற்றுகிறாள். ஃபரீனா என்னைப் பிடித்து, "சாரனோட நிக்காதீங்க, போய்க் களிசான் போடுங்க" என்று தள்ளிவிட்டாள். நான் களிசானுக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் ஹோர்ன் அடித்தது.

ஹாஜியானியும் அவருடைய மூத்த மகளும் இறங்கினார்கள். ஹாஜியானி கதவைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார், டைல்ஸைக் காலால் தட்டிப் பார்த்தார். குசினிப் புகைக்கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார் (கேள்விப்பட்டது பொய்யில்லை). எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். மாமி மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் போனார். நான் அவருக்குப் பின்னால் போனேன்.

"இந்த அறை புள்ளையளுக்கு" என்று மாமி மணமக்கள் அறைக் கதவைத் திறந்தார். குப்பென்று குளிர் முகத்தில் அடித்தது. மாமிக்குப் பெருமை. ஹாஜியானி உள்ளே போய்க் கட்டிலில் இருந்தார், மகள் பக்கத்தில் இருந்தார். கர்ட்டனுக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு முழம் இருக்கும். ஒரு அசைவும் இல்லை. பாலைவனப் பாறையே தோற்றுப்போகும் அமைதி. சரி, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகட்டும், பதினாறில் இருக்கும்வரை பயமில்லை என்று நான் கதவு மூலையில் நின்று மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஹாஜியானி ஒரு தும்மல் தும்மினார். அடுத்தது. அதற்கடுத்தது.

"எனக்கு இந்த ஏசி ஒத்துக்கொள்றல்ல. மூக்குப் பீனிசம். கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா? ஜன்னலத் திறந்தா காத்து வரும்."

"இல்ல இல்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அது... வெளிய தூசி. வயல் பக்கத்துத் தூசி பீனிசத்துக்குக் கூடாது."

"மகன், நிப்பாட்டுங்க" என்றார் மாமி, பல்லைக் கடித்துக்கொண்டு. நான் நிறுத்தினேன். ஜன்னலின் பலகைக் கதவை ஹாஜியானியின் மகளே எழும்பிப்போய்க் கர்ட்டனுக்குள் கை விட்டுத் திறந்தார். (அந்தக் கை எதையும் தொடவில்லை என்பது எனக்கு அல்லாஹ் செய்த கிருபை. அல்லது எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் பிறகு சேர்த்துக் கொடுக்கலாம் என்றிருந்திருக்கும்.)

பின்னேரத்து மேற்கு வெயில் வந்து வெல்வெட்டின் முதுகில் நேராக விழுந்தது. எங்கள் பக்கத்து வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. ஓமான் வெயில் எரிக்கும், எங்கள் வெயில் அவிக்கும். அந்த மெரூன் துணி கொஞ்ச நேரத்திலேயே சட்டிபோலச் சூடாகியிருக்கும்.

நான் கர்ட்டனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கீழ் மடிப்பில் ஒரு சின்ன நடுக்கம். காற்று என்று மனதைத் தேற்றினேன். நடு மடிப்பில் ஒரு நடுக்கம். காற்று. பிறகு காற்றே இல்லாத நேரத்தில் கர்ட்டன் முழுவதும், குளிர் காய்ச்சல்காரன் போர்வைக்குள் நடுங்குவதுபோல மெல்ல நடுங்கத் தொடங்கியது. அப்போதுதான் ஜீப்பில் அரைநித்திரையில் என் காதில் விழுந்த மெடத்தின் மீதிப் பாடம், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல மேலே வந்தது: உறங்கிய வௌவால் சொந்தச் செலவில் எழும்புவதென்றால் நிறையச் சக்தி வேண்டும். அதனால் அது காத்திருக்கும். பகல் வெயில் பாறையைச் சுட வைக்கும்போது அந்தச் சூட்டை இலவசமாக வாங்கிக்கொண்டு, கடைசியில் மட்டும் கொஞ்சம் நடுங்கி எழும்பும். அதுதான் அதன் சிக்கனத்தின் பெரிய பகுதியே.

"ஏசியப் போடுவமா?" என்றேன்.

யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

"சூடு கூடிட்டுப்போல. எனக்குத் தலை சுத்துது. ஏசியப் போடுவமா?"

"இஞ்ச, உங்களுக்கு என்ன வந்த?" என்று ஃபரீனா காதோடு கேட்டாள். நான் ரிமோட்டைத் தூக்கினேன். மாமி என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். நான் விடவில்லை. சம்பந்தம் பேச வந்த இடத்தில் மாமியாரும் மருமகனும் ரிமோட்டுக்கு இழுபறிப்படுவதை ஹாஜியானி புருவத்தைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் ரிஸ்னா சர்பத் தட்டோடு உள்ளே வந்தாள்.

முதலாவது வௌவால் கர்ட்டன் ஓரத்தால் தலையை நீட்டிப் பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, அறையில் அவ்வளவு இடம் இருக்க, ஹாஜியானியின் தலைத்துண்டில் போய் இறங்கியது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. கர்ட்டன் வெடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். இருபது வௌவால்கள் ஒன்றாக அறைக்குள் சுழன்றன. ஹாஜியானியின் மகள் கட்டிலுக்கு மேலே ஏறினார், பிறகு கட்டிலுக்குக் கீழே போனார். மாமி "லா ஹவ்ல வலா குவ்வத்த" என்று உரத்து ஓதிக்கொண்டே மின்விசிறிச் சுவிட்சைப் போட்டுவிட்டார். ஃபரீனா கதவை அடைத்துவிட்டாள், எல்லோரும் உள்ளே இருக்கும்போதே. இந்தக் கலவரத்தில் பாலைவன வௌவால் நிபுணர் என்ன செய்தார் தெரியுமா? ரிமோட்டை ஒவ்வொரு வௌவாலையும் நோக்கி நீட்டிப் பதினாறு பதினாறு என்று அமத்திக்கொண்டு நின்றார்.

"ஆரும் அசையாதீங்க!"

ரிஸ்னாவின் குரல். தட்டை ஒரு துளியும் சிந்தாமல் கீழே வைத்தாள். முதலில் மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு போய்க் கர்ட்டனைக் கொளுவியோடு இழுத்துக் கழற்றி ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். தோளில் கிடந்த சால்வையைக் கையில் தடிப்பாகச் சுற்றிக்கொண்டு ஹாஜியானிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"மாமி, கண்ண மூடிக்கொள்ளுங்க. கடிக்காது. அதுக்கும் பயந்தான்."

தலைத்துண்டில் தொங்கியதை மெதுவாகச் சால்வைக்குள் எடுத்தாள். மற்றவை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாக வெளியேறி, மேலே முகட்டு ஓட்டுக்குள்ளேயே திரும்பிப் போய்ச் சேர்ந்தன. காகமும் கொத்தவில்லை. காலையில் நான் தலையை இடித்து, விரலை நசுக்கிச் செய்த வேலை முழுவதும் இரண்டு நிமிடத்தில் இல்லாமல் போனது. ரிஸ்னா கடைசி வௌவாலையும் கொண்டுபோய் வெளிச்சுவர் நிழலில் விட்டுவிட்டு வந்தாள்.

ஹாஜியானி கண்ணைத் திறந்தார். தலைத்துண்டைச் சரிசெய்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இதுகள ஆரு கர்ட்டனுக்குள்ள அடுக்கி வெச்ச?"

மாமி என்னைப் பார்த்தார். ஃபரீனா என்னைப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழேயிருந்து ஹாஜியானியின் மகளும் என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஓமான் பாலைவனத்தில வவ்வால் எப்பிடியெண்டா..." என்று தொடங்கினேன். சிக்கனம், இதயத் துடிப்பு, பாறைச் சூடு, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் கதைத்ததில்லை. ஹாஜியானி கடைசிவரை கேட்டார்.

"அப்ப வெயில் பட்டா எழும்பும் எண்டு உங்களுக்குத் தெரியும்?"

"இப்பத்தான் ஞாபகம் வந்த."

ஹாஜியானி தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தார். சர்பத்தைக் குடித்தார். வேனில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாளும் அந்த வளவில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. மாமி ஏசவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கோப்பையில் பருப்பு வந்தது, அதற்குப் பிறகு பருப்பின் தண்ணீர் வந்தது. ரிஸ்னா தையல் மெசினில் இருந்தாள். என்னைக் கண்டால் குனிந்துகொண்டாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு கர்ட்டனில் தொங்கவிட்டுவிட்டேனே என்று எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. கடற்கரைக்குப் போய் இருந்துவிட்டு வந்து ஃபரீனாவிடம் சொன்னேன்.

"நான் திரும்பவும் விசா பாக்கப் போறன். இஞ்ச இருந்து ஒருத்தருக்கும் பிரயோசனமில்ல."

உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அங்க இத்தின வருசம் இருந்தீங்க. போன் எடுத்தா ரெண்டு கதை, மறுகா 'நித்திர வருது, வெக்கிறன்'. அந்த வவ்வால் மாதிரித்தான் கிடந்தீங்க. புள்ள ஸ்கூலுக்குப் போக வெளிக்கிட்டதையும் நீங்க காணல்ல." மகளின் சட்டையொன்றை மடித்து வைத்துவிட்டு ஒரு துவாயை எடுத்தாள். "உறங்கினது காணும். இஞ்சயே இரிங்க. இன்னும் கொஞ்சம் சூடேறட்டும்."

நான் அழுதது உள்ளேதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துவாயை என்னிடம் நீட்டினாள்.

நாலாம் நாள் அக்கரைப்பற்றிலிருந்து போன் வந்தது. மாமி ஸ்பீக்கரில் போட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எங்களுக்கு உங்கட புள்ள பிடிச்சிரிக்கி" என்றார் ஹாஜியானி. "நான் எத்தின வீடு பாத்திரிப்பன். வீடெல்லாம் கல்லும் சீமெந்தும்தான். இப்பிடி நேரத்துல தட்டக் கீழ வெச்சிட்டு வேலையப் பாக்கிற ஒரு புள்ளய நான் காணல்ல. வவ்வால் கிடந்தாக் கிடக்கட்டும். ஆனா ஒண்டு..."

மாமி ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினார்.

"உங்கட மூத்த மருமகன், கலியாணத்துக்கு முன்னயும் பொறகும், அந்த அறைக்குள்ள ரிமோட்டத் தொடப்படா."

மாமி சிரித்தார். மாமா மௌத்தானதற்குப் பிறகு அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாக்கு" என்றார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. எனக்குக் கொடுத்த வேலை, வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் செருப்பு வைக்கும் இடத்தைக் காட்டுவது. அதிலும் ஒரு கண் என் மேல் இருந்தது. இப்போது நான் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்று ஓட்டுகிறேன். கணித ஆசிரியர் என் சகலன். அவர்கள் வீட்டு முகட்டுக்குள் வௌவால்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ரிஸ்னா எச்சம் விழுகிற இடத்துக்குக் கீழே ஒரு பலகை அடித்திருக்கிறாள், அதில் சேர்கிற எச்சத்தைக் கொச்சிக்காய் மிளகாய்க் கன்றுக்கு உரமாகப் போடுகிறாள். ரிமோட் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. ஹாஜியானி எப்போது வந்தாலும், செட்டியில் இருப்பதற்கு முன்னால் கர்ட்டனை ஒரு தடவை தட்டிவிட்டு, "மூத்த மருமகன் வீட்டுலயா?" என்று கேட்பார்.

ஆனால் எனக்கு வாய்த்த பெரிய தண்டனை வேறு. பாடசாலை விட்டுப் பிள்ளைகளை இறக்கி, பகல் சாப்பிட்டுவிட்டு நான் ஒரு கண் அயர்வேன். பின்னேரம் அஸர் தொழுகைக்கு நேரமாகியும் எழும்பாவிட்டால் மகள் வந்து என்னை உலுக்கப் பார்ப்பாள். உடனே குசினியிலிருந்து ஃபரீனாவின் சத்தம் வரும்.

"வாப்பாவ எழுப்பாத மகள். கர்ட்டன விலக்கி விடு. வெயில் பட்டா தானா எழும்புவார்."

மகள் விலக்கிவிடுவாள். வெயில் முதலில் காலில் ஏறும். முழங்காலுக்கு வரும்போதே எனக்கு விழிப்பு வந்துவிடும். குசினியில் அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். ஆனாலும் வெயில் நெஞ்சுக்கு வரும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டே கிடப்பேன்.